உளவு சொன்னார் என்று

“சார், இதைப் படிக்கிறவங்க அந்தம்மா நிஜமாவே உளவு சொன்னாங்கன்னுதானே நினைச்சுக்குவாங்க?”

“‘என்று’ போட்டிருக்கே மா. ‘என்று’ வந்தாலே அது கொன்னவங்க சொன்ன காரணம்னுதான் அர்த்தம்.”

நான் சுருக்கி எழுதிய ஒரு வரியைப் பற்றிப் பேசியது இவ்வளவுதான். இதழின் கடைசி ஃபாரம் அச்சுக்குப் போக முக்கால் மணி நேரம் இருந்தது. பிழை திருத்தும் அந்தப் பெண் வேறொன்றும் சொல்லாமல் புரூஃபில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். 2023 ஏப்ரலில் நடந்தது. இன்னமும் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

வட அயர்லாந்தின் முப்பதாண்டுச் சண்டையை முடித்த புனித வெள்ளி உடன்படிக்கை கையெழுத்தாகி 25 ஆண்டு ஆனதை ஒட்டி, அங்கே பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து ஆயுதம் ஏந்திய ஐ.ஆர்.ஏ. (ஐரிஷ் குடியரசுப் படை) இயக்கத்தின் வரலாற்றை நான்கு பக்கத்தில் சொல்லும் கட்டுரை அது. கடைசி நேரத்தில் கால் பக்க விளம்பரம் ஒன்று வந்தது. பன்னிரண்டு வரி எடுக்க வேண்டும். எங்கே எடுப்பது? 1969 டிசம்பரில் இயக்கம் இரண்டாக உடைந்ததை எடுத்தால் அந்தச் சண்டையை நடத்திய பிரிவுக்கு ‘புரொவிஷனல்’ என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. 1972 ஜனவரி 30 அன்று டெர்ரியில் பிரிட்டிஷ் பாராசூட் படையினர் ஊர்வலத்தில் 13 பேரைச் சுட்டுக் கொன்றதை எடுத்தால், அதற்குப் பிறகு இளைஞர்கள் ஏன் அப்படித் திரண்டுபோய் இயக்கத்தில் சேர்ந்தார்கள் என்பது விளங்காது. அதே ஆண்டு ஜூலை 21 அன்று பெல்ஃபாஸ்டில் ஐ.ஆர்.ஏ. அடுத்தடுத்து வெடிக்க வைத்த குண்டுகளில் ஒன்பது பேர் இறந்ததை எடுத்தால் கட்டுரையே ஒருதலைப்பட்சமாகிவிடும். மிஞ்சியவை இரண்டு. சிறையில் இறந்த ஐ.ஆர்.ஏ. உறுப்பினர் பாபி சாண்ட்ஸ் பற்றிய பெட்டிச் செய்தி, ஐ.ஆர்.ஏ. கடத்திக் கொன்ற ஜீன் மெக்கான்வில் பற்றிய பத்தி.

பெட்டியை நான் தொடவில்லை. அதற்குக் காரணம் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. 1981இல் சிறையில் உண்ணாவிரதம் இருந்தபடியே சாண்ட்ஸ் நாடாளுமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 66ஆம் நாள், மே 5 அன்று இறந்தார். அவரைத் தொடர்ந்து இன்னும் ஒன்பது பேர். துப்பாக்கியை மட்டும் நம்பியிருந்த இயக்கம் ஓட்டுப்பெட்டியின் பக்கம் திரும்பிப் பார்த்தது அந்தத் தேர்தலால்தான். அதில்லாமல் 1998 உடன்படிக்கைக்கு வந்து சேர முடியாது. மெக்கான்வில்லோ, அந்த முப்பது ஆண்டுகளில் இறந்த ஏறக்குறைய 3,500 பேரில் ஒருவர். வரலாற்றுக் கட்டுரையில் எதை வைப்பீர்கள்? இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கல்லூரி நாளிலிருந்தே சாண்ட்ஸின் சிரித்த முகப் படம் எனக்குப் பிடிக்கும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அன்று முடிவெடுத்தபோது அதுவும் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததா, தெரியவில்லை.

கட்டுரையாளர் அந்தப் பத்தியில் எழுதியிருந்தது இது. பெல்ஃபாஸ்டின் டிவிஸ் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்ந்த விதவை. பத்துப் பிள்ளைகள். 1972 டிசம்பரில் பிள்ளைகளின் கண்ணெதிரே இழுத்துப் போனார்கள். பிள்ளைகளில் பலர் காப்பகங்களில் வளர்ந்தார்கள். கொன்று புதைத்தது தாங்கள்தான் என்று ஐ.ஆர்.ஏ. ஒப்புக்கொள்ளவே 1999 ஆனது. அவர்கள் சொன்ன கடற்கரையில் தோண்டிப் பார்த்தும் கிடைக்கவில்லை. 2003 ஆகஸ்டில் லவுத் மாவட்டத்தின் ஷெல்லிங் ஹில் கடற்கரையில், நடந்து போனவர்கள் கண்ணில் எலும்புகள் பட்டன. துணியில் ஒரு ஊக்கு இருந்தது. பிள்ளைகளின் தேவைக்கென்று எப்போதும் செருகி வைத்திருப்பாராம். நம் வீட்டு அம்மாக்கள் தாலிக்கொடியில் கோத்து வைப்பார்களே, அது மாதிரி. 2006இல் காவல்துறை மீதான புகார்களை விசாரிக்கும் அதிகாரி, மெக்கான்வில் பிரிட்டிஷ் படைக்கு உளவு சொன்னதற்கு எந்த ஆதாரமும் இல்லை என்று அறிவித்தார். உளவு சொன்னதால்தான் கொன்றோம் என்று சொன்ன இயக்கம் அதிலிருந்து இறங்கி வரவில்லை.

இத்தனையையும் எடுத்துவிட்டு நான் போட்ட வரி: “1972 டிசம்பரில் ஜீன் மெக்கான்வில் உளவு சொன்னார் என்று கடத்திக் கொல்லப்பட்டார்.”

இலக்கணப்படி என் பக்கம் நியாயம் இருக்கிறது. ‘மழை வரும் என்று குடை எடுத்துப் போனேன்’ என்றால் மழை வந்ததா இல்லையா என்று அந்த வாக்கியம் சொல்லவில்லை. எடுத்துப் போனவனின் நினைப்பை மட்டும் சொல்கிறது. அன்று இரவு பஸ்ஸில் இந்த உதாரணம் தோன்றி ஆறுதலாக இருந்தது. அடுத்த நிறுத்தம் வருவதற்குள் இன்னொன்றும் தோன்றியது. ‘மகன் பாஸாகிவிட்டான் என்று மிட்டாய் கொடுத்தார்.’ இதைக் கேட்டுவிட்டு மகன் உண்மையிலேயே பாஸானானா என்று யாராவது சந்தேகப்படுவார்களா? அதே ‘என்று’தான். ‘உளவு சொன்னதாகக் கூறி’ என்று எழுதியிருந்தால் யார் கூறினார்கள் என்ற கேள்வியாவது மிச்சம் இருந்திருக்கும். அதற்கு ஒரே ஒரு எழுத்துதான் கூடும். இருபது ஆண்டாக இந்த வேலையைச் செய்கிறவனுக்கு அது தெரியாமல் இல்லை. அவசரத்தில் தோன்றவில்லை. அல்லது, அந்தப் பெண் கேட்டபிறகு மாற்றினால் நான் தோற்றதாகிவிடும் என்று நினைத்தேனோ என்னவோ.

இரண்டு வாரம் கழித்து வாசகர் ஒருவரிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. கட்டுரையை மனதாரப் பாராட்டியிருந்தார். கடைசியில் ஒரு வேண்டுகோள். அந்த உளவாளிப் பெண்ணைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை போட முடியுமா?

திருத்தம் போட்டிருக்கலாம். அச்சில் வந்த வரியில் தகவல் பிழை இல்லை. பிழை இல்லாத இடத்தில் எதைத் திருத்துவது என்று விட்டுவிட்டேன். இப்போது யோசித்தால், அந்த வாசகருக்கு ஒரு கடிதமாவது எழுதியிருக்கலாம். அதையும் செய்யவில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர் என்ற சொல்லைப் பக்கத்து நாட்டு உறவுகளின் வாயிலிருந்து கேட்டுப் பழகிய வாசகர்கள் நம்முடையவர்கள். அவர்களுக்கு அந்தப் பத்தியை நான் கொடுத்திருக்க வேண்டும். ஊக்கு ஒன்றே போதும், புரிந்துகொண்டிருப்பார்கள்.

அஞ்சலட்டையைப் பிழை திருத்தும் அந்தப் பெண்ணிடம் காட்டினேன். படித்துவிட்டு, மேஜையில் கிடந்த பழைய புரூஃபின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார்: “1972 டிசம்பரில் பத்துப் பிள்ளைகளின் தாய் ஜீன் மெக்கான்வில் கடத்திக் கொல்லப்பட்டார்.”

எண்ணிப் பார்த்தேன். என் வரியின் நீளம்தான்.

“ஏன் கொன்னாங்கன்னு இதுல இல்லையே மா?” என்றேன்.

“இல்ல சார்” என்றார்.

இயக்கத்தின் வரலாற்றை எழுதும்போது அது சொன்ன காரணத்தை விட்டுவிட்டு எழுதக் கூடாது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அந்தக் காகிதத்தை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். அஞ்சலட்டைக்கு இன்னும் பதில் எழுதவில்லை.