டாக்ஸ்ட்ரிங்கிலிருந்து வலைப்பக்கம்: வேற்றுமை உருபிடம் மாட்டிக்கொண்ட மூன்று வாரம்

செய்யுளை அசை பிரித்துச் சீர் சொல்லும் சின்ன பைத்தான் நிரல் ஒன்று என் கணினியில் வெகுநாளாகக் கிடக்கிறது. மொத்தம் ஒன்பது கோப்புகள். பைத்தான் 3 வந்ததிலிருந்து ஃபங்ஷன்களுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பதால் அசைபிரி, சொற்பிரி, சீர்சொல் என்றே வைத்திருந்தேன். ஒவ்வொரு ஃபங்ஷனும் என்ன செய்கிறது என்று அதன் தொடக்கத்திலேயே எழுதி வைக்கும் விளக்கங்களான டாக்ஸ்ட்ரிங்குகளும் தமிழில்தான். ஆறு மாதம் கழித்துத் திறந்தால் எது எங்கே இருக்கிறதென்று எனக்கே பிடிபடவில்லை. விளக்கங்களை மட்டும் உருவியெடுத்து வலைப்பக்கங்களாக ஆக்கி வைத்துக்கொண்டால் என்ன என்று தோன்றியது.

இதற்குக் கருவிகள் இல்லாமல் இல்லை. பைத்தானோடு சேர்ந்தே வரும் பைடாக் ஒரே கட்டளையில் எச்டிஎம்எல் கோப்பு எழுதித் தரும். ஆனால் உள்ளே நான் போட்டிருக்கும் பட்டியல், தலைப்பு எதையும் அது கண்டுகொள்ளாது, எழுதியதை எழுதியபடி கொட்டிவிடும். ஸ்ஃபிங்ஸ் என்ற ஆவணக் கருவி பைத்தானின் சொந்த ஆவணங்களுக்காகவே உருவாகி 2008இல் வெளிவந்தது. அதை நிறுவியிருந்தால் ஒரே மாலையில் வேலை முடிந்திருக்கும். ஆனால் அதன் ஆட்டோடாக் பகுதி, மாட்யூலை (அதாவது நிரல் கோப்பை) இம்போர்ட் செய்து, ஓட்டிப் பார்த்துத்தான் டாக்ஸ்ட்ரிங்கை எடுக்கிறது. என் மாட்யூல் ஒன்று இம்போர்ட் ஆன உடனே சொற்பட்டியல் முழுவதையும் நினைவகத்தில் ஏற்றும் (சோம்பலில் அப்படி எழுதியது, திருத்த வேண்டும்). விளக்கத்தைப் படிக்க நிரலையே ஓட்டுவானேன்? தவிர, உள்ளே என்னதான் நடக்கிறது என்று பார்க்கும் ஆசையும் இருந்தது. அதனால் ஸ்ஃபிங்ஸுக்கு அடித்தளமாக இருக்கும், உரையை எச்டிஎம்எல்லாக மாற்றித் தரும் டாக்யூட்டில்ஸ் நூலகத்தை நேரடியாகப் பிடித்தேன்.

முதல் வார இறுதி

எடுப்பது சுலபம். பைத்தானிலேயே ஏஎஸ்டி என்ற மாட்யூல் இருக்கிறது. மூலநிரலை ஓட்டாமல், இலக்கணப்படி ஒரு மரமாகப் பிரித்துக் கையில் கொடுக்கும். மரத்தில் மாட்யூல், கிளாஸ், ஃபங்ஷன் என்ற மூன்று வகைக் கணுக்களைத் தேடி, ஒவ்வொன்றிடமும் டாக்ஸ்ட்ரிங்கைக் கேட்டால் போதும். டாக்ஸ்ட்ரிங்கின் முதல் வரி மேற்கோள் குறியை ஒட்டித் தொடங்கும், மற்ற வரிகள் நிரலோடு சேர்ந்து உள்தள்ளி நிற்கும். அந்த உள்தள்ளலையும் கேட்கும்போதே சீவிக் கொடுத்துவிடுகிறது. கமெண்ட்டுகள் மட்டும் மரத்தில் ஏறுவதில்லை. வேண்டியதை எல்லாம் கமெண்ட்டில் எழுதி வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் இந்த வழியில் வந்தால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும்.

எடுத்ததை டாக்யூட்டில்ஸின் பப்ளிஷ்_பார்ட்ஸ் ஃபங்ஷனிடம் கொடுத்தேன். எச்டிஎம்எல்லைத் துண்டு துண்டாக ஒரு டிக்‌ஷனரியில் போட்டுத் தருகிறது. ‘பாடி’ என்ற துண்டை எடுத்து என் வார்ப்புருவில் ஒட்டினேன். நாற்பது வரி நிரல், இரண்டு மணி நேரம், ஒன்பது பக்கங்கள். முடிந்தது என்றே நினைத்தேன்.

பக்கங்களைத் திறந்தால் சில தலைப்புகளைக் காணோம். விளக்கத்தின் தொடக்கத்தில் தலைப்பு ஒன்றே ஒன்று இருந்தால், டாக்யூட்டில்ஸ் அதை ஆவணத்தின் பெயராகவே உயர்த்திவிடுமாம். பதவி உயர்வு பெற்ற தலைப்பு ‘பாடி’யில் இருக்காது, ‘டைட்டில்’ துண்டுக்குப் போய்விடும். அந்த உயர்வை நிறுத்த ஒரு அமைப்பு உண்டு, நிறுத்தினேன். இன்னொன்று: துண்டுகளைத் தனித்தனியே உருவாக்கி ஒரே பக்கத்தில் ஒட்டியதால் ஐடிகள் (பக்கத்தின் ஒவ்வொரு இடத்துக்கும் உள்ள அடையாளப் பெயர்கள்) ஒன்றோடொன்று மோதின. ஒவ்வொரு துண்டுக்கும் வேறு முன்னொட்டு கொடுத்ததும் சரியானது. இவையெல்லாம் எவருக்கும் வரக்கூடிய சில்லறைத் தொல்லைகள்.

இரண்டாவது வாரம், தமிழ் புகுந்தது

முதலில் அடிக்கோடு. டாக்யூட்டில்ஸ் படிக்கும் குறியீட்டு முறையான ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட்டில் தலைப்புக்கு அடியில் கோடு போட வேண்டும், கோடு தலைப்பைவிடக் குட்டையாக இருக்கக் கூடாது. ‘அட்டவணை’ என்று எழுதி ஐந்து எழுத்துக்கு ஐந்து கோடு போட்டிருந்தேன். போதாது என்றது டாக்யூட்டில்ஸ். அ, ட், ட, வ, ணை: ஐந்துதானே? யூனிகோடில் அது ஏழு குறியீடுகள். ‘ட்’டின் புள்ளி தனிக் குறியீடு, ‘ணை’யின் ஐகாரக் குறி தனிக் குறியீடு. டாக்யூட்டில்ஸ் புள்ளியை இணைகுறியாக எண்ணிக் கழித்துவிடுகிறது, ஐகாரக் குறியைக் கழிப்பதில்லை. ஆக அதன் கணக்கில் ஆறு. எழுத்தெண்ணும் நிரலுக்கு ஆவணம் எழுதப் போய் எழுத்துக் கணக்கிலேயே இடறினேன். நாற்பது கோடு போட்டாலும் அது கேள்வி கேட்காது என்று தெரிந்தபின் எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

பெரிய தலைவலி இதுதான். நிரலில் வரும் பெயர்களை இரட்டை பேக்டிக்குக்குள் போட்டால் பக்கத்தில் நிரல் எழுத்துருவில் வரும். நானும் இப்படி எழுதியிருந்தேன்:

``அசைபிரி``யை அழைக்கும் முன் ``சொற்பிரி``யால் சொற்களைப் பிரிக்கவும்.

தொடக்கக் குறி இருக்கிறது, முடிவுக் குறியைக் காணோம் என்று எச்சரிக்கை மேல் எச்சரிக்கை. முடிவுக் குறியை அடுத்து இடைவெளியோ நிறுத்தக்குறியோ இருந்தாக வேண்டும் என்பது விதி. தமிழில் பெயருக்கு அடுத்த எழுத்தே ‘ஐ’, ‘ஆல்’, ‘இல்’, ‘க்கு’ என்று வந்து ஒட்டிக்கொள்கிறது. ஒன்பது கோப்புகளில் இப்படி நூற்றுக்கு மேல்.

விதிக்கு உட்பட்ட வழி, முடிவுக் குறிக்குப் பின் பேக்ஸ்லாஷும் (\) ஓர் இடைவெளியும் வைப்பது. பக்கத்தில் இரண்டும் மறைந்து உருபு ஒட்டிக்கொள்ளும். வைத்தேன். உடனே பைத்தான் குறுக்கே வந்தது: சாதாரண டாக்ஸ்ட்ரிங்கில் பேக்ஸ்லாஷுக்கு அடுத்து இடைவெளி வருவது செல்லாத தொடர். 3.12 முதல் இதற்கு வெளிப்படையாகவே சின்டாக்ஸ் எச்சரிக்கை வருகிறது. பேக்ஸ்லாஷை அப்படியே எடுத்துக்கொள்ளும் ‘ரா’ வகையாக டாக்ஸ்ட்ரிங்கை மாற்றினால் அதுவும் அடங்கும். ஆனால் நிரலுக்குள் அந்த விளக்கத்தைப் படிக்கும்போது ஒவ்வொரு உருபுக்கு முன்னும் ஒரு பேக்ஸ்லாஷ் முள்ளாகக் குத்தியது. பக்கத்தில் அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக மூலத்தைப் படிக்க முடியாமல் செய்வதா? எனக்கு மனம் வரவில்லை.

எழுத்து அளவிலேயே குறிகளை ஏற்கச் சொல்லும் அமைப்பு ஒன்று டாக்யூட்டில்ஸில் உண்டு. இயல்பாக அணைந்திருக்கும். ஏற்றினேன், எல்லா உருபுகளும் ஒரே நொடியில் ஒட்டின. விலையும் உண்டு. மாத்திரைக் கணக்கு விளக்கத்தில் 2*3*4 என்று எழுதியிருந்த இடத்தில் நடு எண் சாய்வெழுத்தானது, நட்சத்திரங்கள் காணாமல் போயின. அப்படிப்பட்டவை மூன்றே இடங்கள். அவற்றைப் பேக்டிக்குக்குள் தள்ளினேன். மூன்றைத் திருத்துவதா, நூற்றுச் சொச்சத்தைத் திருத்துவதா என்பதில் யோசிக்க ஒன்றுமில்லை.

மூன்றாவது வார இறுதி, இணைப்புகள்

ஒரு ஃபங்ஷனின் விளக்கத்தில் இன்னொன்றின் பெயர் வந்தால் அதைச் சொடுக்கி அங்கே போக வேண்டும். டாக்யூட்டில்ஸில் சொந்தமாக ஒரு ‘ரோல்’ (பெயருக்கு முன் இட்டு அதை எப்படிக் காட்டுவது என்று சொல்லும் குறி) பதிவு செய்து இதைச் சாதிக்கலாம். ரோலுக்குப் ‘பணி’ என்று பெயர் வைத்தேன். பக்கத்தில் ‘:பணி:’ என்ற எழுத்தே அப்படியே நின்றது, ஃபங்ஷன் பெயர் மட்டும் சாய்ந்து படுத்திருந்தது. ரோல் பெயர்களை அடையாளம் காணும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்து வடிவங்களைத் தேடும் கோவை) எழுத்து, எண், நடுவில் வரும் இணைகோடு போன்ற சில குறிகள் மட்டுமே ஏற்கும். அந்தத் தேடலைச் செய்யும் பைத்தானின் ஆர்இ மாட்யூல் கணக்கில் தமிழ் உயிர்க்குறிகளும் புள்ளியும் எழுத்தே அல்ல. ‘ணி’யின் கொக்கியில் பெயர் அறுந்துவிட்டது. குறியும் புள்ளியும் இல்லாத அகர உயிர்மெய்கள் மட்டும் உள்ள சொல்லாகத் தேடி, ‘பத’ என்று வைத்தேன். வேலை செய்தது. பதத்துக்குச் சுருக்கம் என்று சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம்.

இணைப்பு போய்ச் சேரும் ஐடிகளையும் நானே உருவாக்க வேண்டியிருந்தது. டாக்யூட்டில்ஸ் ஐடியில் சிறிய ஆங்கில எழுத்து, எண், இணைகோடு தவிர எதையும் விடுவதில்லை. தமிழ்ப் பெயரைக் கொடுத்தால் மிச்சம் ஒன்றும் இருக்காது, வெறும் வரிசை எண்தான் கிடைக்கும். மேலே புதிதாக ஒரு ஃபங்ஷன் சேர்த்தால் எண்கள் நகர்ந்து இணைப்புகள் வேறு இடத்துக்குப் போய்விடும். எச்டிஎம்எல்லுக்குத் தமிழ் ஐடியில் எந்த ஆட்சேபமும் இல்லை என்பதால் ஃபங்ஷன் பெயரையே ஐடியாக வைத்தேன்.

எல்லாம் ஓடியது, ‘சொற்பிரி’ தவிர. சில பக்கங்களிலிருந்து சொடுக்கினால் போகிறது, சிலவற்றிலிருந்து அசையவில்லை. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஒரு மாலை முழுக்கப் போனபின் குறியீடுகளை அச்சிட்டுப் பார்த்தேன். ஓரிடத்தில் ஒகரக் குறி ஒற்றைக் குறியீடு. இன்னோரிடத்தில் ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியே இரண்டு. பழைய கோப்புகளை வேறொரு தட்டச்சுக் கருவியில் அடித்திருந்தேன். நிரலில் வரும் பெயர்களைப் பைத்தான் தானாகவே, இப்படி இரண்டு விதமாக எழுதியவற்றை ஒன்றாக்கும் என்எஃப்கேசி என்ற யூனிகோடு வடிவத்துக்கு ஒழுங்குபடுத்திவிடுகிறது, அதனால்தான் நிரல் இத்தனை நாள் முணுமுணுக்காமல் ஓடியது. டாக்ஸ்ட்ரிங் வெறும் சரம், அதை யாரும் தொடுவதில்லை. ரோலுக்குள் ஒரே ஒரு வரி சேர்த்து அதே ஒழுங்கைச் செய்தேன்.

கடைசியாக, விளக்கங்களில் மூன்று கோணக்குறியோடு (>>>) எழுதியிருந்த எடுத்துக்காட்டுகள் பக்கத்தில் தனிப்பெட்டியாக வந்தன. டாக்யூட்டில்ஸுக்கு அந்த வடிவம் சொல்லாமலே தெரியும். பார்க்க நன்றாக இருந்தது, உண்மையாகவும் இருக்கிறதா என்று, எடுத்துக்காட்டுகளை ஓட்டி விடையைச் சரிபார்க்கும் டாக்டெஸ்ட்டை ஓட்டினேன். பதினொன்றில் மூன்று தோற்றன. இரண்டில் விடை சரி, நான் இரட்டை மேற்கோள் போட்டிருந்தேன், பைத்தான் பட்டியலை ஒற்றை மேற்கோளில் அச்சிடும். மூன்றாவது ‘எஃகு’. நேர், நேர் என்று விளக்கம் சொல்கிறது, நிரல் மூன்று அசை தருகிறது. விளக்கம்தான் சரி. ஆய்தத்தை ஒற்றாகக் கொள்ளாமல் தனி அசையாக நிறுத்தும் வழு, எழுதிய நாள் முதல் அசைபிரியில் இருந்திருக்கிறது. அதைத் திருத்தி, ஒன்பது பக்கங்களையும் மறுபடி உருவாக்கினேன். சொற்பட்டியல் இன்னும் இம்போர்ட்டிலேயே ஏறிக்கொண்டிருக்கிறது.