±0.3 என்று சொல்லி மாட்டிக்கொண்டேன்

மோர் பாக்கெட் விற்பனைக்கும் வெயிலுக்கும் கணக்குப் போடுவதுதான் போன வருடம் எனக்கு வந்த வேலை. மொத்தம் 140 கடைகள். ஒவ்வொரு கடைக்கும் ஒரு எளிய பேய்சியன் மாடல்: ஒரு டிகிரி ஏறினால் எத்தனை பாக்கெட் கூடுதலாகப் போகும், அதை எவ்வளவு நம்பலாம். ஸ்டான் என்ற புள்ளியியல் மென்பொருளில் எழுதி, அதன் வழக்கமான நட்ஸ் சாம்ப்ளரை (சாத்தியமான விடைகளை ஏராளமாக மாதிரி எடுத்துப் பார்க்கும் முறை) ஓடவிட்டால் லேப்டாப் ராத்திரி முழுக்க உறுமியது. பொறுமை போய், மீன்-ஃபீல்டு வேரியேஷனல் இன்ஃபெரன்ஸுக்கு, அதாவது மாதிரி எடுக்காமல் ஓர் எளிய வடிவத்தைப் பொருத்தித் தோராயமாக விடை சொல்லும் வழிக்கு, மாறினேன். சில நிமிடங்களில் எல்லாக் கடையும் முடிந்தது.

ஒரு கடைக்கு வந்த விடை: டிகிரிக்கு 6.2 பாக்கெட், ±0.3. அப்படியே மேலாளரிடம் கொடுத்துவிட்டேன். இந்தக் கோடையின் விற்பனையைப் போட்டுப் பார்த்தால் அதே கடைக்கு 4.1 வருகிறது.

சந்தேகம் தட்டி, அந்த ஒரு கடையை மட்டும் நட்ஸில் ஓட்டினேன். நடுப்புள்ளி அதே 6.2. அகலம் மட்டும் ±2.4. எட்டு மடங்கு! அப்புறம்தான் பென்சிலை எடுத்தேன்.

வெப்பநிலையை அப்படியே மாடலுக்குள் விட்டிருந்தேன். சராசரி 32, திட்டவிலக்கம் 4. அப்படியென்றால் இன்டர்செப்ட் என்பது 0 டிகிரியில் என்ன விற்கும் என்ற கேள்வி. அந்தக் குளிரில் யார் மோர் வாங்கப் போகிறார்கள்? ஸ்லோப்பை (டிகிரிக்கு எத்தனை பாக்கெட் என்ற எண்) கொஞ்சம் கூட்டினால் இன்டர்செப்டைக் குறைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் கோடு புள்ளிகளை விட்டு விலகிவிடும். இரண்டுக்கும் கோரிலேஷன் (சேர்ந்து அசையும் அளவு; -1 என்றால் முழுக்க எதிர்த்திசை) -0.992. போஸ்டீரியரை (தரவைப் பார்த்தபின் எந்த விடை எவ்வளவு சாத்தியம் என்ற பரவல்) படம் போட்டால், சரிந்து கிடக்கும் புடலங்காய்.

மீன்-ஃபீல்டுக்கு இந்தச் சரிவு தெரியாது. ஒவ்வொரு பாராமீட்டரும் தன்பாட்டுக்குத் தனி என்று வைத்துக்கொள்ளும். போதாக்குறைக்கு, அது குறைக்கப் பார்க்கும் கே.எல். அளவு (இரண்டு பரவல்கள் எவ்வளவு வேறுபடுகின்றன என்ற கணக்கு), நிஜ போஸ்டீரியர் இல்லாத இடத்தில் கால் வைத்தால் கடுமையாகத் தண்டிக்கும். ஆகவே புடலங்காய்க்குள் அடங்குகிற எலுமிச்சம்பழமாக ஒடுங்கிக்கொள்கிறது. பழத்தின் அளவு காயின் தடிமனைப் பொறுத்தது. நீளம் அதன் கண்ணிலேயே படாது. காஸியனுக்கு (மணி வடிவப் பரவல்) இதைக் கையாலேயே போடலாம்: 1-இலிருந்து கோரிலேஷனின் வர்க்கத்தைக் கழித்தால் எவ்வளவோ, அந்த மடங்குக்கு வேரியன்ஸ் (திட்டவிலக்கத்தின் வர்க்கம்) சுருங்கும். இங்கே 16/1040 (மேலே 4-இன் வர்க்கம், கீழே 32, 4 இரண்டின் வர்க்கங்களின் கூட்டல்). வர்க்கமூலம் 0.124, அதாவது எட்டில் ஒன்று.

எரிச்சல் என்னவென்றால், லாப்லாஸ் 1774-இலேயே காட்டிய வழி, உச்சியைக் கண்டுபிடித்து அங்கே வளைவை அளந்து ஒரு காஸியனைப் பொருத்துவது, இங்கே சரியான அகலத்தைத் தந்திருக்கும். சரிவும் அந்த வளைவுக்குள் இருக்கிறது. புதுசு என்பதற்காக நான் எடுத்தது இதைவிட மோசம்.

சரிசெய்ய ஒரே வரி போதுமாக இருந்தது: வெப்பநிலையிலிருந்து 32-ஐக் கழித்தேன். இன்டர்செப்ட் இப்போது 32 டிகிரியில் விற்பனை, கோரிலேஷன் போயேபோச்சு, மீன்-ஃபீல்டும் ±2.4 என்கிறது. வேடிக்கை, அதே வரியால் நட்ஸும் அரைமணியில் முடிகிறது. மீன்-ஃபீல்டுக்கே போயிருக்க வேண்டாம்.

புது எண்ணை மேலாளரிடம் கொண்டுபோனேன். பார்த்துவிட்டு, "போன தடவை 0.3 சொன்னீங்களே, அதுதானே நல்லா இருந்துச்சு?" என்றார்.