அம்மாவின் ஓட்டை மீட்ட கதை

2024 ஏப்ரல் 19. மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளுக்கும் ஒரே நாளில் வாக்குப்பதிவு. வெயில் ஏறுவதற்குள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். வீட்டுக்கு என் பூத் சிலிப்பும் அப்பாவின் சிலிப்பும் வந்திருந்தன, அம்மாவுக்கு வரவில்லை. வாக்காளர் அட்டைதான் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவர் பெயரில் சிலிப் வந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

சாவடியில் இருந்த அலுவலர் பட்டியலை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். அடுத்தடுத்து இரண்டு கட்டங்கள். ஒன்றில் அப்பா, எந்தக் குறியும் இல்லாமல். அடுத்ததில் அம்மா, பெயர் மேல் குறுக்காக ‘நீக்கப்பட்டது’. வரிசை எண்ணுக்குப் பக்கத்தில் ஆங்கில எழுத்து ‘இ’. இறந்தவர் என்பதற்கான குறி அது.

“அப்ப நான்தான் போய்ச் சேர்ந்துட்டேனா தம்பி?” என்று கேட்டார் அம்மா. அந்த அலுவலர் தலையைக் குனிந்துகொண்டார்.

வரிசையில் நின்ற ஒருவர், “49பி கேளுங்க சார்” என்றார். நம் ஓட்டை வேறொருவர் போட்டுவிட்டால்தான் அந்த விதி உதவும். பெயரே நீக்கப்பட்டவருக்கு அன்றைக்கு எந்த வழியும் இல்லை. அட்டை என்பது அடையாளம் மட்டும்தான், பட்டியலில் பெயர் இருந்தால்தான் ஓட்டு. இதை எத்தனை பேர் வாக்குப்பதிவு நாளன்று சாவடி வாசலில் தெரிந்துகொள்கிறார்கள்!

அப்பா இறந்ததும், பெயரை நீக்கச் சொல்லி இறப்புச் சான்றிதழோடு படிவம் 7 கொடுத்தவன் நான்தான். என் மனுவால்தான் அம்மா பெயர் போனதோ என்று அன்றிரவு தூக்கமே வரவில்லை. பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி, அந்தப் படிவத்தின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். நகல் வந்தது. அதில் அப்பாவின் பெயரும் அட்டை எண்ணும் சரியாகவே இருந்தன. பதிவு செய்யும்போது வரிசை எண்ணில் ஒன்று கூடிப்போயிருக்கிறது.

சட்டத்தைத் தேடிப் படித்தேன். 1950ஆம் வருட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 22. வீடு மாறிவிட்டார், தகுதி இல்லை என்று ஒருவர் பெயரை நீக்கப் போனால், முதலில் அவர் தரப்பைக் கேட்க வேண்டும். இறந்துவிட்டார் என்று நீக்கினால் அந்தக் கட்டாயம் இல்லை. இறந்தவருக்கு நோட்டீஸ் அனுப்ப முடியாதுதான். ஆனால் உயிரோடு இருப்பவரை இறந்தவர் என்று குறித்துவிட்டால், அது அவருக்குத் தெரியவராது. நீக்குவதற்கு முன் ஒரே ஒரு முறை அந்த வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டிருந்தால், அம்மாவே வந்து திறந்திருப்பார்.

தேர்தல் முடிவுகள் வந்த பிறகு மனு எழுதிக்கொண்டு போனேன். புதிதாகப் படிவம் 6 கொடுக்கச் சொன்னார்கள். முதன்முறையாகப் பெயர் சேர்க்க விண்ணப்பிக்கிறேன் என்று அதில் ஓர் உறுதிமொழி இருக்கிறது. அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “1980ல எம்.ஜி.ஆருக்குப் போட்டது என் மொத ஓட்டு. அப்ப 21 வயசு ஆனாத்தான் ஓட்டு. இத்தனை வருசம் போட்டுட்டு இப்பத்தான் மொத தடவைன்னு எப்படிடா எழுதித் தருவேன்?” அவர் கேட்டதில் தப்பே இல்லை. நடந்ததை எல்லாம் தனித்தாளில் எழுதி, அதைப் படிவத்தோடு சேர்த்துத் தைத்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார். அப்பாவுக்கு இரண்டாவது முறையாகப் படிவம் 7.

எங்கள் பாகத்தின் வாக்குச்சாவடி நிலை அலுவலர் ஓர் அங்கன்வாடி டீச்சர். சத்துமாவு கொடுத்து முடித்துவிட்டு, உச்சிவெயிலில் வீடு வீடாக ஏறி இறங்குவார். எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அம்மா முகத்தையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்து எழுதிக்கொண்டார். பிறகும் இரண்டு முறை அலைந்தேன், வாக்காளர் உதவி எண் 1950க்குப் போன் போட்டேன். 2025 ஜனவரி 6 அன்று வந்த இறுதிப் பட்டியலில் அம்மா பெயர் இருந்தது. அட்டை எண் மட்டும் புதுசு.

அதே வருடம் நவம்பரில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. டிசம்பர் 19இல் வரைவுப் பட்டியல் வந்தபோது, மாநிலம் முழுக்க 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் இல்லை. இறந்தவர்களும் இடம் மாறியவர்களும் இரட்டைப் பதிவுகளும் அதில் உண்டு, திருத்தம் தேவையானதுதான். ஆனால் எங்கள் வீட்டில் நடந்தது அதில் எத்தனை வீடுகளில் நடந்திருக்கும் என்றுதான் என் மனது கணக்குப் போட்டது. ஓர் ஆறுதல், விடுபட்டவர் பெயர்களைக் காரணத்தோடு வெளியிட்டார்கள். பீகாரில் நடந்த இதே மாதிரித் திருத்தம் பற்றிய வழக்கில் 2025 ஆகஸ்ட் 14 அன்று உச்ச நீதிமன்றம் அப்படி வெளியிடச் சொல்லியிருந்தது. 2024இல் அப்படி ஒரு பட்டியல் என் கண்ணில் பட்டிருந்தால், வாக்குப்பதிவுக்கு முன்பே ஓடியிருப்பேன்.

எங்கள் பாகத்துப் பட்டியலை வரி வரியாகப் படித்தேன். பக்கத்துத் தெருவில் தையல் மெஷின் வைத்திருக்கும் அக்கா பெயருக்கு நேராக, நிரந்தரமாக இடம் மாறியவர் என்று இருந்தது. முந்தின நாள்தான் அவரிடம் சட்டை வாங்கி வந்தேன். சனிக்கிழமை முகாமுக்கு அவரைக் கூட்டிப் போனோம். படிவம் 6ஐ நான் நிரப்ப, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டியது அம்மா.