புலவு நாறுதும், தள்ளி நில்லுங்க

எங்களுக்கு இந்த செமஸ்டர் தமிழ் பேப்பர்ல சங்க இலக்கியம். நான் படிக்கிறது கெமிஸ்ட்ரி, ஆனா எந்த மேஜர் எடுத்தாலும் பார்ட் ஒன் தமிழ் எல்லாருக்கும் உண்டுல்லா, அப்படித்தான் நற்றிணை 45 எனக்கு கெடச்சுது. கெடச்ச நாள்ல இருந்து பஸ்ல போகும்போதும் லேப்ல நிக்கும்போதும் அந்த பதினோரு வரி உள்ளுக்குள்ள ஓடிட்டே இருக்கு, யார்ட்டயாவது முழுசா சொல்லித் தீக்கணும், அதான் எழுதுறேன்.

அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிடுறேன். யூனிட் தொடங்கும்போது மேம் புறநானூறு 140 நடத்துனாங்க, ஔவையார் பாட்டு. நாஞ்சிலுக்கு தலைவனா இருந்தவன்ட்ட போயி, கொல்லைல பறிச்ச கீரை இருக்கு, கூட சேத்து ஆக்க கொஞ்சம் அரிசி தாயேன்னு கேக்காங்க. அவன் தன் தகுதி என்னன்னு யோசிச்சுப் பாத்து ஒரு குன்னு கணக்கா இருக்க யானையக் குடுத்து அனுப்பிடுறான். இப்படி ஒண்ணும் தெரியாம குடுக்கிற கொடையும் ஒலகத்துல உண்டான்னு ஔவையார் கேட்டு முடிக்காங்க. அதுல முதல் வரியே பெரிய பெரிய பலா நிக்கிற நாஞ்சில்னுதான் தொடங்கும். அந்த நாஞ்சில் எங்க கன்னியாகுமரி மாவட்டத்துலதான், எங்க கிளாஸ்ல அங்க உள்ள தோவாளை, பூதப்பாண்டி, சுசீந்திரம் பக்கத்துப் பிள்ளைங்க நெறைய, அவங்க முகத்தப் பாக்கணுமே, வீட்டு முத்தத்துல பலா இன்னும் நிக்குது, பொறவு எப்படி இருக்கும். எனக்கும் சந்தோசம்தான். ஆனா நாஞ்சில் நாடுன்னு சொன்னா வயலும் கொளமும் மலையும்தான் எல்லாருக்கும் கண்ணுல வரும், கடற்கரைய யாரும் அதோட சேத்து சொல்றதில்ல. நான் குளச்சலுக்கும் முட்டத்துக்கும் நடுவுல உள்ள ஒரு கடற்கரை ஊர்க்காரி. எங்க ஆளுங்களப் பத்தி இந்த புக்குல எங்கயாவது இருக்கான்னு பக்கத்தப் பொரட்டிட்டே இருந்தேன்.

இருந்துது.

இவளே, கானல் நண்ணிய காமர் சிறுகுடி
நீல்நிறப் பெருங்கடல் கலங்க உள்புக்கு
மீன் எறி பரதவர் மகளே, நீயே
நெடுங்கொடி நுடங்கும் நியம மூதூர்க்
கடுந்தேர்ச் செல்வன் காதல் மகனே;
நிணச் சுறா அறுத்த உணக்கல் வேண்டி
இனப்புள் ஒப்பும் எமக்கு நலன் எவனோ?
புலவு நாறுதும், செல நின்றீமோ!
பெருநீர் விளையுள் எம் சிறு நல் வாழ்க்கை
நும்மொடு புரைவதோ அன்றே;
எம்மனோரில் செம்மலும் உடைத்தே!

பணக்கார வீட்டுப் பையன் ஒருத்தன் மீன் பிடிக்கிற வீட்டுப் பிள்ளையத் தேடி கடற்கரைக்கு வந்து நிக்கான், அந்தப் பிள்ளையோட தோழி அவன்ட்ட பேசுறா. இவ கடலே கலங்குற மாதிரி உள்ள போயி மீன் பிடிக்கிறவரு மக. நீ கொடி பறக்குற கடைத்தெரு உள்ள பழைய ஊர்ல, வேகமா போற தேர் வச்சிருக்க பணக்காரன் ஆசையா வளத்த மவன். நாங்க கொழுத்த சுறாவ அறுத்துக் காயப் போட்டு, கொத்த வர்ற பறவைய வெரட்டிட்டு இருக்கோம், எங்களுக்கு அழகு என்ன வேண்டிக் கெடக்கு. மீன் வாடை அடிக்கும், தள்ளி நில்லு. கடல்ல வெளையிறத வச்சு வாழ்ற எங்க சின்ன நல்ல வாழ்க்கை உங்க வாழ்க்கைக்கு ஒத்து வராது. எங்க ஆளுங்கள்லயும் பெரியவங்க உண்டு.

இத எழுதுனது யாருன்னே தெரியாது. பின்னத்தூர் நாராயணசாமி ஐயர் உரையோட நற்றிணை மொதல்ல அச்சுல வந்தது 1915ல, அது வர ஓலைல கெடந்துது. அத்தன காலம் ஓலைய மாத்தி மாத்தி எழுதி வச்சவங்க இந்தப் பாட்டையும் விடாம எழுதி வச்சாங்க, அவங்க யாரா இருந்தாலும் நல்லா இருக்கட்டும்.

எங்ககிட்ட உள்ள நோட்ஸ்ல இதுக்கு என்ன போட்டிருக்குன்னா, தோழி தங்களோட தாழ்ந்த நெலமையச் சொல்லி தலைவன விலக்கி நிறுத்துறான்னு. விலக்கி நிறுத்துறது சரி, அதுதான் துறையும், அதாவது யாரு எந்த நெலமைல பேசுறாங்கன்னு பாட்டோட வர்ற குறிப்பும். தாழ்ந்த நெலமைன்னு சொல்றத என்னால ஒத்துக்க முடியல. பாட்டுல அவன எப்படி சொல்றா பாருங்க, அவனுக்குன்னு சொல்ல அவன் அப்பாவோட தேரும் ஊர்க் கொடியும்தான் இருக்கு, அவன் என்ன செய்வான்னு ஒரு வார்த்த கெடையாது. இவளச் சொல்லும்போது இவ அப்பா என்ன செய்றாருன்னு சொல்றா, நீலக் கடலே கலங்குற மாதிரி உள்ள போறவருன்னு. பொறவு வாழ்க்கைய சிறுன்னு மட்டும் சொல்லி விடல, சிறு நல் வாழ்க்கைன்னு சொல்றா. கடல்ல கெடைக்கிறத விளையுள்னு சொல்றா, வயல்காரங்க வெளச்சல்னு சொல்றாங்கல்லா அதே கணக்குல. எல்லாத்துக்கும் மேல கடைசி வரி. தாழ்ச்சிய சொல்ல வந்தவ எதுக்கு எங்கள்லயும் செம்மல் உண்டுன்னு முடிக்கணும். நான் கிளாஸ்ல எந்திச்சு இதக் கேட்டேன். மேம் கொஞ்சம் யோசிச்சுட்டு, இத அப்படியே பரீட்சைல எழுது, காரணம் காட்டி எழுதுனா மார்க் உண்டுன்னாங்க. நான் மார்க்குக்கு கேக்கல, ஆனா அவங்க அப்படி சொன்னது பிடிச்சிருந்துது.

புலவு நாறுதும். இந்த எடத்துல என்னால லேசா கடந்து போக முடியல.

2021 டிசம்பர்ல குளச்சல் பஸ் ஸ்டாண்ட்ல நடந்தது தமிழ்நாட்டுக்கே தெரியும். மீன் வித்துட்டு வீட்டுக்குப் போக பஸ்ல ஏறுன வயசான ஒரு அம்மாவ, நாத்தம் அடிக்குதுன்னு சொல்லி எறக்கி விட்டாங்க. அந்தம்மா பஸ் ஸ்டாண்ட்லயே நின்னு சத்தம் போட்டு நியாயம் கேட்டாங்க, அந்த வீடியோ எல்லா போன்லயும் வந்துது, முதலமைச்சர் வர கண்டிச்சாரு, பஸ்காரங்கள சஸ்பெண்ட் பண்ணுனாங்க. நான் அப்ப ஸ்கூல்ல. எங்க தெருவுல அந்த வீடியோவப் பாத்தவங்க யாரும் ஆச்சரியப்படல. தலைல சும்மாடு வச்சு சருவத்த, அதான் மீன் பாத்திரத்த, தூக்கிட்டு உள்நாட்டுக்கு மீன் விக்கப் போற எல்லாருக்கும் அந்த மாதிரி ஒரு நாள் உண்டு, வீடியோ வந்தது அந்த ஒருத்தங்களுக்கு மட்டும்தான்.

எங்க அம்மாவும் மீன் யாவாரம்தான். என் ஸ்கூல்ல பேரண்ட்ஸ் மீட்டிங்னா முந்துன நாள் சாயங்காலமே நாரங்கா தோலு எடுத்து உக்காந்துடுவாங்க. விரல் எடுக்கு, நகக்கண்ணு, உள்ளங்கை, மொழங்கை வர தேய்ப்பாங்க, தோலு வெளுத்து சுருங்குற வர. பொறவு மோந்து பாப்பாங்க. என்னையும் மோந்து பாக்கச் சொல்லுவாங்க. மறுபடி தேய்ப்பாங்க. இப்ப கெமிஸ்ட்ரி படிக்கிறதால அந்த வாடை என்னன்னு எனக்குத் தெரியும். கடல் மீனோட ஒடம்புல ஒரு பொருள் இருக்கு, மீன் செத்த பொறவு பாக்டீரியா அத ட்ரைமெத்தில் அமீனா மாத்தும், அந்த வாடை அதுதான். சுறால அதோட யூரியாவும் நெறைய, அது அமோனியாவா மாறும், அதனாலதான் சுறா வெட்டுன எடத்துல மூக்கு எரியும். அமீனு காரம், நாரங்கா அமிலம், ரெண்டும் சேந்தா உப்பாயிடும், உப்பு காத்துல பறக்காது, வாடையும் வராது. எங்க அம்மா இத யார்ட்டயும் படிக்கல, அவங்க அம்மா செஞ்சத பாத்து செஞ்சாங்க. ஆனா வேல செஞ்ச கைய எதுக்கு அப்படித் தேய்க்கணும், யாருக்காக தேய்க்கணும்னு எனக்குள்ள அப்பவே கெடந்து அடிக்கும்.

நற்றிணைல அந்தப் பொண்ணு கையத் தேய்க்கல. ஆமா, நாங்க மீன் வாடை அடிப்போம், நீ தள்ளி நில்லுன்னு சொல்றா. வாடைன்னு இன்னொருத்தன் சொல்றதுக்கு முன்னாலயே இவ சொல்லிடுறா, சொல்லிட்டு தள்ளிப் போகச் சொல்றது அவனத்தான். யார் எறங்கணும்னு அவ முடிவு பண்றா. இத வாசிச்சப்ப அந்த பஸ் ஸ்டாண்ட்ல நின்னு கத்துன அம்மாதான் கண்ணுல வந்தாங்க, அவங்க குரல்லயும் அழுகைய விட கேள்விதான் கூட.

இத எழுதுனவரு கடற்கரை ஆளா, இல்ல எங்கயோ உக்காந்து எழுதுன புலவரான்னு கிளாஸ்ல பேச்சு வந்துது. யாரா இருந்தாலும் மீன் உணத்துற எடத்துல வந்து நின்னு பாத்திருக்காரு, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. மீனக் காயப் போட்டா மொத எதிரி பறவைதான். எங்க ஊர்ல குருசடிக்குப் பின்னால உள்ள மணல்ல நெத்தோலியும் வாளையும் காயப் போடுவாங்க, காக்கா கூட்டமா வரும், பருந்து ஒத்தையா வந்து மேல சுத்தும், ஒரு கம்பக் குடுத்து பிள்ளைங்கள உக்கார வச்சிடுவாங்க. தென்னோலை நெழல்ல குந்தி இருக்கணும், கண்ணு அந்தப் பக்கம் போச்சுன்னா ஒண்ணு போயிடும். லீவு நாள்ல என் வேல அது. அந்த கம்போட அடி, மணல்ல குத்திக் குத்தி நார் நாரா பிரிஞ்சிருக்கும், கைல வச்சா குத்தும். இனப்புள் ஒப்பும்னு ரெண்டே வார்த்தைல அது பாட்டுக்குள்ள வந்து உக்காந்திருக்கு. இப்ப அந்த மணல்ல பாதி போயிட்டு. கடலரிப்புக்கு கல்லு போட்டாங்க, அது வேண்டியதுதான், இல்லன்னா வீடே போயிரும், ஆனா காயப் போட எடம் இல்லாம இப்ப ரோட்டோரம் வலை விரிச்சுதான் போடுறாங்க.

குறுந்தொகை 163ம் எங்களுக்கு உண்டு, அம்மூவனார் பாட்டு. யார் அணங்குற்றனை கடலேன்னு தொடங்கும். கொக்கு நெறஞ்ச கரை, வெள்ளப் பூ பூத்த தாழைய அலை வந்து அடிக்குது, நடுச்சாமத்துலயும் ஒன் குரல் கேக்குதே, ஒன்ன யாரு இப்படி வருத்துனான்னு அந்தப் பொண்ணு கடல்ட்ட கேக்கா. நெய்தல்னா கடற்கரைப் பாட்டு, அதுக்கு உரிப்பொருள், அதாவது நடு உணர்ச்சி, இரங்கல்னு புக்குல இருக்கு, பிரிஞ்சவன நெனச்சு வருந்துறது. நாங்க படிச்ச பாட்டுல எல்லாம் அவ காத்திருக்கிறது தேர்ல வர்ற சேர்ப்பனுக்காக, அதான் கடற்கரைத் தலைவனுக்காக. எனக்குத் தெரிஞ்ச காத்திருப்பு வேற. 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைன்னு அந்தப் பக்கத்துல இருந்து ஆழ்கடலுக்குப் போனவங்க எத்தனையோ பேரு திரும்பி வரல. தேடிக் குடுங்கன்னு ஆயிரக்கணக்கான ஆளுங்க குழித்துறை ரயில்வே ஸ்டேஷன்ல போயி தண்டவாளத்துல உக்காந்தாங்க. எங்க ஊர்ப் பொம்பளைங்க ராத்திரி வாசல்ல உக்காந்து ஜெபமாலை சொல்லுவாங்க, நடுவுல கடல் சத்தம் கேட்டுட்டே இருக்கும். அந்தப் பாட்ட மேம் ராகம் போட்டுப் படிச்சப்ப கிளாஸ்ல கடற்கரைப் பிள்ளைங்க நாங்க கொஞ்சப் பேரு தலைய நிமிரல.

வீட்ல அம்மாவுக்கு நற்றிணை 45 வாசிச்சுக் காட்டுனேன். மீன் கழுவிட்டு இருந்தாங்க, மொதல்ல ம் கொட்டிட்டே இருந்தாங்க. நிணச்சுறா வரி வந்ததும் கைய நிறுத்திட்டாங்க.

"நெணம் உள்ளது சீக்கிரம் காயாதுல்லா மக்ளே. உப்பு நல்லா பிடிக்கணும், திருப்பித் திருப்பிப் போடணும். அத விட்டுட்டு அவன்ட்ட நின்னு பேச அவளுக்கு நேரம் எங்க?"

உரைல யாரும் இத சொல்லல. சும்மா போன்னு வெரட்டல அவ, அவளுக்கு நெசமாவே வேல கெடக்கு, கொழுத்த சுறா காயாம கெட்டா வீட்ல நஷ்டம். பொறவு அம்மா கேட்டாங்க, அந்தப் பையன் கடைசில அவளக் கெட்டுனானா இல்லியான்னு. பாட்டுல அது இல்லம்மான்னு சொன்னேன். இவ்வளவு சொன்ன பொறவும் வாறான்னா கெட்டி வைக்கலாம்னு சொல்லிட்டு மறுபடி மீனக் கழுவ ஆரம்பிச்சாங்க. துறை விளக்கமும் சுத்தி வளச்சு அதத்தான் சொல்லுது, தோழி இப்படித் தள்ளி நிறுத்துறதே அவன கல்யாணத்துப் பக்கம் தள்ளத்தான்னு.

அடுத்து அகநானூறு 140 படிக்கப் போறேன், சிலபஸ்ல இல்ல, லைப்ரரில எடுத்தாச்சு. அதுவும் அம்மூவனார்தான். உழாம வெளஞ்ச வெள்ளக் கல் உப்ப, நெல்லுக்கு சமமா அளந்து தாறோம்னு ஒரு பொண்ணு தெருவுல கூவி விக்கா, புதுக் குரல் கேட்டு வீட்டு நாய் கொரைக்குது, அவ மெரண்டு பாக்கா. சுவாமித்தோப்பு பக்கத்துல உப்பளத்துல வேல செய்ற வீட்ல இருந்து வர்ற ஒருத்தி எங்க கிளாஸ்ல இருக்கா. கல் உப்பு எப்படி வெளையுது, அதுல கை என்னாகும், காலு என்னாகும் எல்லாம் அவளுக்குத் தெரியும். நீ இல்லாம நான் அந்தப் பாட்டத் தொட மாட்டேன்னு சொல்லி வச்சிருக்கேன், வெள்ளிக்கிழம லஞ்ச் பிரேக்ல ரெண்டு பேரும் உக்காரப் போறோம்.