மெரியெண்டா வவுச்சர்

2012-இல் பிலிப்பைன்ஸின் மணிலாவுக்குப் போய்ச் சேர்ந்தேன். மக்காத்தியில் சரக்கு அனுப்பும் ஒரு கம்பெனி, கணக்குப் பிரிவில் வேலை. முதல் மாதம் சில்லறைச் செலவு வவுச்சர்களைப் புரட்டியபோது ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தது: மெரியெண்டா. 500 பெசோ, 800 பெசோ, ஒரு தடவை 3,000 பெசோ. மெரியெண்டா என்றால் இடைவேளைச் சிற்றுண்டி. எதற்கும் ரசீது இல்லை. மூவாயிரத்துக்கு அப்படி என்ன தின்றிருப்பார்கள் என்று நிஜமாகவே யோசித்தேன்.

வவுச்சரில் கையெழுத்து எங்கள் லயசன் ஆபீசருடையது. அங்கே அது ஒரு முழுநேர உத்தியோகம். அரசு அலுவலகங்களுக்கு அலைந்து, வரிசையில் நின்று, முத்திரை வாங்கி வரவேண்டும். ஐம்பதைத் தாண்டிய அம்மாள். எல்லோரும் அவரை ‘ஆத்தே’ என்பார்கள், அக்கா என்று பொருள். என் காதில் ஆத்தா என்றே விழும். அவருக்கு அதுவும் பொருத்தமாகத்தான் இருந்தது.

“சாப்பாட்டுக்கு ரசீது எங்கே ஆத்தே?” என்றேன்.

“சாப்பிட்டது நான் இல்லையே சார்” என்றார்.

லஞ்சத்துக்கு அங்கே புழங்கும் சொல் ‘லகாய்’. ‘வைப்பது’ என்றுதான் நேர் அர்த்தம். ஒப்பந்த வேலைகளில் மேலே போகும் பங்குக்கு ‘எஸ்.ஓ.பி.’ என்று பெயர், அதாவது வழக்கமான நடைமுறை. கேட்டதும் சிரித்துவிட்டேன். நம் ‘மாமூல்’ என்ற சொல்லுக்கும் மூல அர்த்தம் வழக்கமானது என்பதுதான். இரண்டு ஊரிலும் யாரோ ஒரு குமாஸ்தா ஒரே மாதிரி யோசித்திருக்கிறான்.

இந்த ஊர்க்காரர்கள் குணமே இப்படிப் போலிருக்கிறது என்றுதான் ஆரம்பத்தில் நினைத்தேன். வெளிநாட்டில் வேலைக்குப் போன ஆறே மாதத்தில் அந்த ஊரைப் பற்றித் தீர்ப்பு எழுதிவிடும் வியாதி எனக்கும் இருந்தது. அதைத் தெளியவைத்தது ஆத்தேதான். ஒரு நாள் ஒரு லைசென்ஸ் புதுப்பிக்க அவரோடு நான்கு மணி நேரம் வரிசையில் நின்றபோது, தன் பாட்டியின் தாத்தா கதையைச் சொன்னார்.

அவர் ஸ்பானியர் காலத்தில் ‘கபேசா தெ பராங்காய்’. ஏறக்குறைய ஐம்பது குடும்பங்களுக்குத் தலைவர். அவருடைய வேலை, வரி வசூலிப்பது. அவர் குடும்பத்துக்கு வரி கிடையாது, கட்டாய உழைப்பும் கிடையாது. மற்ற ஆண்களோ, 16 வயது முதல் 60 வரை, வருடத்தில் 40 நாள் கப்பல் கட்டவும் மரம் வெட்டவும் போகவேண்டும். 1884-இல்தான் அது 15 நாளாகக் குறைந்தது. காசு கட்டினால் விலக்கு உண்டு. அந்தக் காசு எவ்வளவு என்று சொல்வதும், பட்டியலில் யார் பெயர் ஏறும், யார் பெயர் இறங்கும் என்பதும் இடையில் நின்றவர் கையில்.

கேட்க நல்ல பதவிதான். ஆனால் வசூலில் துண்டு விழுந்தால் கபேசாதான் தன் கைக்காசைப் போட்டு நிரப்பவேண்டும். ஒரு பஞ்ச வருடத்தில் பாதிப் பேர் ஊரைவிட்டு ஓடிவிட்டார்களாம். ஆத்தேயின் முன்னோர் எருமைகளை விற்றார், அப்புறம் நிலத்தை விற்றார். பக்கத்துப் பராங்காயின் கபேசா வேறு மாதிரி ஆள். மற்றவர்களிடம் கூடுதலாகக் கறந்து கணக்கைச் சரிக்கட்டினார், மிச்சத்தில் நிலமும் வாங்கினார். “எங்க தாத்தா விற்றதையும் அவர்தான் வாங்கினார் சார். இப்போ அந்த வீட்டில் மேயர் இருக்கிறார், நான் இங்கே வரிசையில் நிற்கிறேன்.”

கணக்குக்காரனுக்கு இது தூக்கத்தைக் கெடுக்கிற கதை. அதன்பிறகு கிடைத்ததையெல்லாம் படித்தேன். அதில் என்னை அசைத்த ஒன்று ‘இந்துல்தோ’. மாகாணத்தை ஆண்ட ஸ்பானிய அதிகாரிக்குப் பெயர் அல்கால்தே மயோர். சம்பளம் அற்பம். அவரே நீதிபதி, அவரே வரித்தலைவர், ஆகவே வியாபாரம் செய்யக்கூடாது என்று சட்டம். ஆனால் அரசுக்கு ஒரு தொகை கட்டினால் செய்யலாம். அந்தத் தொகைக்குத்தான் இந்துல்தோ என்று பெயர், அதாவது மன்னிப்பு. செய்யப்போகிற தப்புக்கு முன்கூட்டியே காசு கட்டி ரசீது வாங்கிக்கொள்வது! கட்டிய பிறகு, தன் மாகாணத்து நெல்லுக்கு விலை சொல்பவரும் அவரே, வாங்குபவரும் அவரே, விவசாயி புகார் கொடுத்தால் விசாரிப்பவரும் அவரே. 1844-இல்தான் இதை ஒழித்தார்கள். எங்கள் மெரியெண்டாவுக்காவது ரசீது இல்லாத வெட்கம் இருந்தது.

கண்காணிப்பே இல்லாமலும் இல்லை. பதவி முடிந்த ஆளுநரை, ‘ரெசிதென்சியா’ என்ற விசாரணையில் நிறுத்துவார்கள். 1635 முதல் 1644 வரை ஆண்ட கொர்குவேராவை அடுத்து வந்தவர் சில வருடம் சிறையில் வைத்தார். பிறகு அதே மனிதர் கனேரி தீவுகளுக்கு ஆளுநராகப் போனார். மணிலாவின் பழைய சான்டியாகோ கோட்டையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுற்றிக்கொண்டிருந்தபோது எனக்கு முன்னாள் ஜனாதிபதி எஸ்ட்ராடா ஞாபகம் வந்தது. பெருங்கொள்ளைக் குற்றத்துக்காக 2007 செப்டம்பரில் ஆயுள் தண்டனை, அக்டோபரில் மன்னிப்பு, 2013-இல் மணிலா மேயர். மூன்றரை நூற்றாண்டு இடைவெளி, வழி என்னவோ அதேதான்.

சரி, அந்தக் கோட்டைக்கும் நமக்கும் ஒரு ஒட்டு உண்டு. 1762-இல் மணிலாவைப் பிடித்த ஆங்கிலப் படை மதராஸிலிருந்து கிளம்பியது. சூறையும் ஆடிவிட்டு, மேற்கொண்டு 40 லட்சம் பெசோ கப்பமும் கேட்டார்கள். அதில் போன சிப்பாய்களில் சிலர் திரும்பாமல் கைந்தா என்ற ஊரில் குடியேறிவிட்டார்கள். நான் அங்கே ஜீப்னியில் போனபோது என் நிறத்தில் இரண்டு பேரையாவது பார்த்தேன், அல்லது பார்க்க ஆசைப்பட்டேன்.

ஸ்பானியருக்குப் பிறகு அமெரிக்கர்கள் வந்து தேர்தல் வைத்தார்கள். 1907-இல் முதல் சட்டசபை. ஓட்டுப் போட 23 வயது நிறைந்த ஆணாக இருக்கவேண்டும், அதிலும் 500 பெசோ சொத்து, அல்லது 30 பெசோ வரி, அல்லது ஆங்கிலமோ ஸ்பானிஷோ எழுதப் படிக்கத் தெரியவேண்டும், இல்லையென்றால் முன்பே உள்ளூர்ப் பதவி வகித்திருக்கவேண்டும். 70 லட்சத்துக்கு மேல் ஜனத்தொகையுள்ள நாட்டில் பட்டியலில் ஏறியவர்கள் ஒரு லட்சத்துச் சொச்சம். யார் வீட்டில் நிலமும் பழைய கபேசா பட்டமும் இருந்ததோ அவர்களுக்கே ஓட்டும் சீட்டும். நாட்டின் கஜானாவுக்கு மேலேறும் ஏணியை நட்டது அந்த வருடம்தான் என்று எனக்குப் படுகிறது. குடும்ப அரசியல் கூடாது என்று 1987 அரசியல் சட்டமே சொல்கிறது, ஆனால் ‘சட்டம் வரையறுக்கிறபடி’ என்று ஒரு வாலோடு. அந்தச் சட்டத்தை எழுதவேண்டியவர்கள் அதே குடும்பத்துப் பிள்ளைகள்.

சர்வாதிகாரியாக இருந்த பழைய ஜனாதிபதி மார்கோஸைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், நீட்டவில்லை. ஒரு கழித்தல் கணக்கு மட்டும். 2003-இல் உச்ச நீதிமன்றம் அவருக்கும் மனைவிக்கும் பதவிக் காலத்தில் வந்த நியாயமான வருமானத்தைக் கூட்டிப் பார்த்தது: 3,04,372 டாலர். சுவிஸ் வங்கிகளில் போட்டு வைத்திருந்த பணம், வட்டியோடு சேர்த்து 65 கோடி டாலருக்கு மேல். பறிமுதல். வருமானத்துக்கு மீறிய சொத்து என்று நம் ஊரில் சொல்வோமே, அதை இவ்வளவு சுலபமாக வேறெங்கும் கூட்டிக் கழித்துப் பார்க்க முடியாது.

நான் அங்கே இருக்கும்போதே 2013 ஜூலையில் பூதம் கிளம்பியது. எம்.பி.க்களின் தொகுதி நிதி போலித் தொண்டு நிறுவனங்கள் வழியாகப் போயிருக்கிறது, தொகை ஆயிரம் கோடி பெசோ என்றார்கள். செனட்டர் ஒருவருக்கு வருடத்துக்கு 20 கோடி, கீழவை உறுப்பினருக்கு 7 கோடி. ஆகஸ்ட் 26, விடுமுறை நாள், லுனெட்டா பூங்காவில் பெருங்கூட்டம். ஆத்தே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த நிதியையே செல்லாது என்றது. மறுநாள் அலுவலகத்தில் பாதிப் பேர் கைதட்டினார்கள். ஆத்தே தட்டவில்லை.

காரணம் பிறகு தெரிந்தது. அவர் கணவருக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். எம்.பி. அலுவலகத்திலிருந்து உத்தரவாதக் கடிதம் வாங்கிக் கொடுத்தால் மருத்துவமனை பில்லில் கழிப்பார்கள். அதுவும் அந்தத் தொகுதி நிதிதான். “எதிர்த்துக் கத்தினதும் நான்தான் சார், அதில் மருந்து வாங்கினதும் நான்தான்” என்றார். ‘உதாங் நா லோஒப்’ என்று அவர்களுக்கு ஒரு சொல் உண்டு, உள்ளுக்குள் இருக்கும் கடன். நாம் செஞ்சோற்றுக் கடன் என்போம். தன் வரிப்பணத்தையே ஒருவர் கையால் வாங்கும்போது அது எப்படிக் கடனாகிறது என்று நான் கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

அடுத்த வருடம் அவர் மகனுக்குக் கல்யாணம். ஞானத்தந்தைகள் வரிசையில், நினொங் என்பார்கள், முதல் பெயர் அந்த எம்.பி.யுடையது. பன்றி வறுவல் மேசைக்கு வந்த நேரத்தில் அவரும் வந்தார். பத்து நிமிடம். எல்லோர் தோளையும் தட்டினார், படம் எடுத்துக்கொண்டார், மாப்பிள்ளை கையில் ஒரு தடித்த கவரை வைத்துவிட்டுக் கிளம்பினார். ஆத்தே கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, “நல்ல மனுஷன், இல்லையா சார்?” என்றார்.

“ஆமாம் ஆத்தே” என்றேன். அந்தக் கவர் எந்த வவுச்சரில் என்ன பெயரில் ஏறியிருக்கும் என்றே மனது ஓடிக்கொண்டிருந்தது.