எதற்கு என்று எழுதிய பிறகு

திருச்சியில் ஐந்து பேர் கொண்ட எங்கள் வீட்டில், என் கணவரின் சம்பளமும் என் சம்பளமும் சேர்ந்து 2023ஆம் ஆண்டில் மாதம் 64,000 ரூபாய் வந்துகொண்டிருந்தது. வாடகை, மளிகை, பால், பள்ளி வேன், மாமியாரின் மருந்து என்று தெரிந்த செலவுகளை எப்படிக் கூட்டினாலும் 50,000 ரூபாயைத் தாண்டவில்லை. ஆனாலும் இருபதாம் தேதிக்கு மேல் கையில் பணம் இருந்ததில்லை. மீதி எங்கே போனது என்று எங்கள் இருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. அதனால் சிறிய வாக்குவாதங்கள் கூட வரத் தொடங்கியிருந்தன.

முதலில் நான் செய்தது, கண்ணில் பட்டதையெல்லாம் குறைத்ததுதான். நாளிதழை நிறுத்தினேன், காப்பித் தூளில் சிக்கரியைக் கூட்டினேன், பிள்ளைகளின் மாலைப் பலகாரத்தை வாரத்துக்கு இரண்டு நாள் என்று ஆக்கினேன். மாமியார் எதுவும் சொல்லவில்லை. ஆனால் நாளிதழ் வரும் நேரத்தில் வாசல்வரை போய்ச் சற்று நின்றுவிட்டுத் திரும்புவார். இரண்டாவது மாதத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. அந்த இரண்டு மாதத்தில் மிச்சமான 1,800 ரூபாய் எதற்காக என்று யாருக்கும் தெரியாமல் இருந்ததால், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டலில் செலவாகிப்போனது. வீட்டில் எல்லோரையும் வருத்திச் சேர்த்த பணம் அப்படிப் போனது எனக்கு இன்றும் மனத்தாங்கல்தான்.

பிறகுதான் ஒரு நோட்டில் மூன்று பத்தி போட்டு எழுதத் தொடங்கினோம்: என்ன, எவ்வளவு, எதற்காக. முதல் இரண்டையும் எழுதுவது எளிது, வங்கிக் கணக்கையும் ஜிபே பட்டியலையும் பார்த்தே எழுதிவிடலாம். மூன்றாவது பத்தியில்தான் பேனா நின்றது. மாதம் 399 ரூபாய் பிடித்துக்கொண்டிருந்த ஒரு கல்விச் செயலியை என் மகள் திறந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது; அதற்கு மட்டும் 4,389 ரூபாய் போயிருக்கிறது. இப்படித் தானாகப் பிடிக்கப்படும் தொகைகளுக்கு 24 மணி நேரத்துக்கு முன்பே தகவல் அனுப்பியாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. தகவல் மாதந்தோறும் வந்துதான் இருக்கிறது, நாங்கள்தான் படிக்கவில்லை. ஜிபே செயலியில் ஆட்டோபே என்ற பகுதிக்குப் போய் இப்படி ஓடிக்கொண்டிருந்த மூன்று சந்தாக்களை நிறுத்த ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை.

காய்கறியிலும் இதே கதைதான். வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள் என்று வாங்கிப் பழகி, டெலிவரிக் கட்டணம் விழாமல் இருப்பதற்காகத் தேவைக்கு மேல் இரண்டு பொருள் சேர்த்து, வாரக் கடைசியில் குளிர்பெட்டியின் அடித்தட்டிலிருந்து அழுகிய கொத்தமல்லிக் கட்டையும் வதங்கிய பீன்ஸையும் எடுத்து எறிந்துகொண்டிருந்தேன். இப்போது சனிக்கிழமை காலையில் தென்னூர் உழவர் சந்தைக்குப் போகிறேன். அன்றைய விலை பலகையிலேயே எழுதியிருக்கும். பேரம் பேசத் தெரியாத என் போன்றவர்களுக்கு அது பெரிய வசதி. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், போக்குவரத்துக்கும் செலவில்லை.

மின் கட்டணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் இதைக் கவனிப்பதில்லை. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி, முதல் 100 யூனிட் இலவசம்; மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். ஆக 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். ஐந்நூறைத் தாண்டிவிட்டாலோ, அந்த 2.25 ரூபாய்ச் சலுகையே கிடையாது; 101 முதல் 400 வரை எல்லாமே 4.50 ஆகிவிடும், ஐந்நூறுக்கு மேற்பட்டவை 8 ரூபாயில் தொடங்கும். 2023 கோடையில் எங்கள் வீட்டில் 512 யூனிட் ஓடி 2,046 ரூபாய் வந்தது. வெறும் பன்னிரண்டு யூனிட்டுக்காக 321 ரூபாய் கூடுதல்! ஏ.சி.யை இரண்டு மூன்று இரவு முன்கூட்டியே அணைத்திருந்தால் போதும். அதற்கப்புறம் விலை மாறியது என்றாலும், அன்று கற்றுக்கொண்ட இந்தக் கணக்கு வீட்டில் நிலைத்துவிட்டது.

இப்படி அடைத்த ஓட்டைகளில் மாதம் ஐயாயிரம் ரூபாய் வரை கையில் நின்றது. முதல் முறை செய்த தவறு மறுபடியும் நடக்கக் கூடாது என்பதற்காக, அந்தப் பணம் சேரும் முன்பே அது எதற்கு என்று எழுதி வைத்தோம். மகள் அப்போது ஏழாம் வகுப்பு. 2029இல் கல்லூரிக்குப் போவாள். 2023 நவம்பரில் அஞ்சலகத்தில் ஐந்தாண்டுத் தொடர் வைப்பு ஒன்றைத் தொடங்கினோம். மாதம் 3,000 ரூபாய், வட்டி 6.7 விழுக்காடு, முடிவில் ஏறத்தாழ 2,14,000 ரூபாய் வரும். சம்பளம் வந்த மறுநாளே கட்டிவிடுகிறோம், மீதியில்தான் மாதத்தை நடத்துகிறோம். மாதக் கடைசியில் மிஞ்சுவதைச் சேமிப்பது என்று வைத்திருந்த காலத்தில் எங்களுக்கு எதுவும் மிஞ்சியதே இல்லை.

மற்ற 2,000 ரூபாய் ஆண்டுச் செலவுக்கு. தீபாவளித் துணி, வண்டிக் காப்பீடு, ஜூனில் வாங்கும் நோட்டுப் புத்தகங்கள், மொய் எல்லாம் திடீர்ச் செலவு போல வந்து நிற்கும். உண்மையில் ஆண்டுதோறும் வருபவைதான். பழைய மொய் நோட்டை எடுத்து, யாருக்கு நாம் திருப்பிச் செய்ய வேண்டியிருக்கிறது, எந்த வீட்டில் கல்யாணம் நெருங்குகிறது என்று பார்த்து, கல்யாணம் வந்தால் எவ்வளவு மொய் என்று தையிலேயே எழுதிவிடுகிறேன். மொய்யைக் குறைக்க எனக்கு மனமில்லை. நம் வீட்டு விசேஷத்துக்கு வந்து செய்தவர்களுக்குத் திருப்பிச் செய்யாமல் சேர்க்கும் பணம் எனக்குத் தேவையும் இல்லை.

மாமியாரின் ரத்த அழுத்த மாத்திரையை, மருத்துவரிடம் கேட்டுக்கொண்ட பிறகு, அதே மருந்தின் பொதுப் பெயரில், அரசின் மலிவு விலை மருந்துக் கடையான முதல்வர் மருந்தகத்தில் வாங்குகிறோம். இந்த முறை நாளிதழை நிறுத்தவில்லை. காப்பித் தூளிலும் கை வைக்கவில்லை; அவற்றுக்கு எதிரே மூன்றாவது பத்தியில் "அம்மாவுக்கு", "எல்லோருக்கும்" என்று எழுதியிருக்கிறது.

மின் மீட்டரைப் பார்ப்பது இப்போது என் மகனின் வேலை. கணக்கெடுத்த நாளிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை எண்ணைப் பார்த்து, காலண்டரில் குறித்து வைக்கிறான். நேற்று நாற்பத்தைந்தாவது நாள். 371 யூனிட் ஆகியிருந்தது. மீதி 129, நாளொன்றுக்கு எட்டரை யூனிட் என்று அவனே வகுத்துப் பார்த்து, இன்னும் பதினைந்து நாளைக்கு ஏ.சி. இரவு பத்து மணிக்கு மேல்தான் என்று ஒரு தாளில் எழுதி, சுவிட்ச் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டான்.