நியூயார்க் வேடம் கட்டும் டொராண்டோ

டொராண்டோவின் பே ஸ்ட்ரீட்டுக்குப் பக்கத்துச் சந்தில் படப்பிடிப்பு. மஞ்சள் டாக்சிகள், நியூயார்க் போலீஸ் கார்கள், நடைபாதையில் நீலத் தபால் பெட்டி. கனடாவில் தபால் பெட்டி சிவப்பு. நான் வாய் பிளந்து நிற்க, கூட வந்த ஸ்காபரோ நண்பர் திரும்பியும் பார்க்கவில்லை. "இது இஞ்ச எந்த நாளும் நடக்கிறதுதான் அண்ணை."

2002இல் வந்து சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய 'சிகாகோ' டொராண்டோவில் எடுத்தது. நியூயார்க் வக்கீல்களின் கதையான 'சூட்ஸ்' தொடரும் பெரும்பாலும் இங்கேதான். ஜாக்கி சானின் 'ரம்பிள் இன் தி பிராங்க்ஸ்' வான்கூவரில் எடுத்த படம். பின்னால் மலைகள் நிற்கின்றன. நியூயார்க்கின் பிராங்க்ஸில் மலைக்கு எங்கே போவது! அமெரிக்கர்கள் கனடாவைத் திரையில் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள், கனடா என்று தெரியாமல்.

இந்தப் பக்கம் கதை நேர்மாறு. ஏரிக்கு அப்பால் இருக்கும் பஃபலோ நகரத்து டிவி சேனல்கள் டொராண்டோ வரை ஆன்டெனாவிலேயே வரும். பஃபலோவில் எந்தத் தெருவில் தீப்பிடித்தது என்பதுகூட இங்கே வளர்ந்தவர்களுக்கு அத்துப்படி.

இந்த ஏற்றத்தாழ்வை வைத்தே பிழைத்தவர் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்காரரான நகைச்சுவையாளர் ரிக் மெர்சர். அமெரிக்கத் தெருக்களில் மைக்கை நீட்டி, கனடாவைப் பற்றி வாய்க்கு வந்ததை அளந்துவிட்டுக் கருத்துக் கேட்பார். பனிக்கட்டியில் கட்டிய நாடாளுமன்றம் உருகாமல் காப்பாற்றப்பட்டதற்கு ஆர்கன்சாஸ் ஆளுநராக இருந்த மைக் ஹக்கபியே வாழ்த்துச் சொன்னார். 2001இல் கனடாவின் அரசு ஒளிபரப்பு நிறுவனமான சிபிசி இதைத் தனி நிகழ்ச்சியாகவே ஒளிபரப்பியது. நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். சரியாகப் பதில் சொன்னவர்களை எடிட்டிங்கில் வெட்டியிருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

அமெரிக்கர்கள் பதிலுக்குச் சும்மா இருக்கவில்லை. 1999இல் வந்த 'சவுத் பார்க்' கார்ட்டூன் படத்தில் எல்லாத் தப்புக்கும் கனடாவைக் குற்றம் சொல்லும் பாட்டு ஒன்று ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. ஆனால் அந்தக் குத்து, தங்கள் பிள்ளைகள் கெட்டுப்போனதற்கு ஊரானைத் திட்டும் அமெரிக்கப் பெற்றோருக்குத்தான்.

கடைவீதியில் 'எல்போஸ் அப்' (முழங்கையைத் தூக்கு) என்று எழுதிய டி-ஷர்ட்கள் தொங்கின. முழங்கையாலேயே எதிராளியை விலக்கிய ஹாக்கி வீரர் கோர்டி ஹாவின் நினைவில் வந்த சொல். கனடாவை 51வது மாநிலமாக்குவேன் என்று டிரம்ப் பேசியபின், 2025 மார்ச்சில் கனடிய நடிகர் மைக் மையர்ஸ் முழங்கையைத் தூக்கிக் காட்டியதும் நாடே பிடித்துக்கொண்டது. அவர் அதைச் செய்த இடம் நியூயார்க்கிலிருந்து வரும் 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற நகைச்சுவை டிவி நிகழ்ச்சியின் மேடை.

அமெரிக்காவை எதிர்க்கவும் அமெரிக்க டிவியா என்று கேட்டேன்.

"வேற எங்க போய்ச் சொல்லுறது? இஞ்ச எல்லாரும் அதைத்தானே பாக்கினம்."